கேட்டுக்கு முன்னால் ஒரு பத்மினி

காலையில் ஆக்சிஜன்காரர் குடுவைகளை வாசலில் வைத்துவிட்டு மணியடித்துப் போனார். தணிகாசலம் எழுந்திருக்கவில்லை. இமைமுடி கனத்தில் ஒரு தூரிகையை வைத்துக்கொண்டு பிரீமியர் பத்மினி காரின் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு விட்டால் வைப்பர் கழன்றுவிடும் என்பதால் அப்போது அவருக்கு ஆக்சிஜன் தேவைப்படவும் இல்லை.

செவ்வாயின் குமிழ் நகரத்தில், பூமியின் பழைய கார்களை உள்ளங்கை அளவு மாதிரிகளாகச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். சேர்ப்பது பெரிதல்ல, அசல் கார் என்று நம்பும்படி படம் எடுப்பதுதான் வித்தை. தணிகாசலம் கருகிய உளுந்தைப் பொடித்துத் தார்ச்சாலை போட்டார். அட்டையில் வீடு கட்டி, அதன் கேட்டில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று பலகைகூட மாட்டினார். கேட்டை மறிக்காமல் தள்ளி, வெள்ளைக் கோட்டுக்குள் காரை நிறுத்தி, எறும்பின் கண்மட்டத்தில் கேமராவை வைத்தார். போன வருடப் போட்டியில் நடுவர்கள் "அழகான பொம்மை" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இந்த முறை படத்தை நகர வலையில் ஏற்றிவிட்டுப் பரிசுக்குக் காத்திருந்தார்.

வந்தது காவலி. குமிழுக்குள் போலீஸ் வேலை பார்க்கும் எந்திரம்.

"படத்தைப் பார்த்தேன். பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறீர்கள். குமிழுக்குள் புகை விடும் வண்டிக்குத் தண்டனை, பூமிக்கு நாடு கடத்தல்."

சந்தோஷத்தில் தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி பூங்கோதையோ அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஐயோ, அது பொம்மைங்க! இதோ மேசை மேலதான் இருக்கு, பாருங்க!"

"அது வெறும் மாதிரிப் பொம்மை. அசலை எங்கே மறைத்திருக்கிறீர்கள்?"

"என்னங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

"அவரே அசல்னு சொல்றாரு. நடுவுல நான் எதுக்கு?" என்றார் தணிகாசலம். "அதை அப்படியே எழுதிக் குடுக்கச் சொல்லு."

பூங்கோதை அழுதாள். பூமியில் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். அவள் இப்போதுதான் இளைத்திருந்தாள். "படத்த இன்னொரு வாட்டி நல்லாப் பாருங்கய்யா!"

காவலி தன் நினைவகத்தில் இருந்த பூமித் தெருப் படங்கள் எல்லாவற்றோடும் அதை ஒப்பிட்டது.

"மன்னிக்கவும். வண்டி கோட்டுக்குள் நிற்கிறது. பலகை மாட்டிய கேட்டுக்கு முன்னால் இடம் காலியாக இருக்கிறது. மனிதர்கள் வண்டி ஓட்டிய காலத்தில் இப்படியொரு தெரு இருந்ததே இல்லை. பொம்மைதான்."

காவலி போனதும் பூங்கோதை சாமி படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டாள். தணிகாசலம் அவமானத்தில் கூனிக் குறுகிப்போனார்.

"நிறுத்தாதேன்னு எழுதின எடத்துலயா நிறுத்துவாங்க? என்ன ஜென்மங்கடா அதெல்லாம்!" என்று முணுமுணுத்தபடி இடுக்கியை எடுத்தார். காரைக் கேட்டுக்குக் குறுக்கே தள்ளி, ஒரு சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றிவைத்தார். படம் எடுத்தார். ஏற்றினார்.

பூங்கோதை காபியை ஆற்றி முடிப்பதற்குள் கதவு உடைந்தது.

"சந்தேகமே இல்லை," என்றது காவலி. "அசல்."

தணிகாசலம் கண்கள் கலங்க, விலங்குக்கு இரண்டு கைகளையும் நீட்டினார்.