பத்து நிமிடம் ஒருவரும் தொடாவிட்டால்

ஜெயசுதன் மருதனார்மடம் சந்தைக்குப் போய் அச்சுவேலி வீட்டுக்குத் திரும்ப இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது. கணினி இன்னும் படங்களை அனுப்பியிருக்கவில்லை.

கலியாணப் படங்களைப் பிரித்து ஸ்டூடியோவுக்கு அனுப்ப அவனே எழுதிய சின்னக் கணினி நிரல் அது. அதற்குள் போக மூன்று வாசல் வைத்திருந்தான். அவன் மவுசால் சொடுக்கினால் ஒன்று திறக்கும். படத்தை இழுத்து அதன்மேல் போட்டால் இன்னொன்று. பத்து நிமிடம் விசைப்பலகையையோ மவுசையோ ஒருவரும் தொடாவிட்டால் மூன்றாவது தானாகத் திறக்கும். எந்த வாசலால் வந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான். அதைத் தனியே ஒரே இடத்தில் எழுதியிருந்தான். முதலிரண்டும் பிழையில்லாமல் ஓடின. மூன்றாவது ஒருநாளும் திறந்ததில்லை.

மனைவி வித்தியா பிள்ளையோடு கனடா போய் இரண்டு வருடம். வீட்டில் அவன் மட்டும்தான்.

கடைசியாகத் தொட்டு எத்தனை விநாடி என்று திரையில் காட்ட ஒரு வரி சேர்த்தான். வெளியே மார்கழி மழை தகரத்தில் இரைய, ஈரச் சுவரின் புளித்த மணம் அறை முழுக்க நிற்க, பின்னேர வெளிச்சம் யன்னலோடு மங்கிக்கொண்டு போக, கைகளை மடியில் வைத்தபடி எண்களையே பார்த்திருந்தான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

பூச்சியம்.

மவுசைக் கழற்றினான். மறுபடியும் பார்த்தான். இருபத்தொன்று. பூச்சியம்.

ஸ்டூடியோவில் வேலை செய்யும் கோபிசங்கருக்குப் போன் எடுத்தான்.

“தம்பி, அந்த மூண்டாவது வாசல் வேலை செய்யுதில்லை.”

“ஆரும் தொட்டுக்கொண்டிருந்தால் அது திறக்காதுதானே அண்ணை. கதைக்கேக்கை தட்டுறதை நிப்பாட்டுங்கோ, ஒண்டும் விளங்கேல்லை.”

“நான் தட்டேல்லை.”

“அப்ப பக்கத்திலை ஆர்?”

“ஒருத்தரும் இல்லை.”

“வடிவாக் கேக்குது அண்ணை. டக், டக் எண்டு.”

ஜெயசுதன் போனை வைத்தான். அறையில் மழைச் சத்தம் மட்டும். விசைப்பலகையின் வயரைப் பிடுங்கி, அதைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். வந்து அதே கதிரையில் இருந்தான்.

ஒரு நிமிடம். ஐந்து. எண் விழவில்லை. எட்டு. மூச்சு விடவே பயமாக இருந்தது. ஒன்பது. பத்து.

திறந்தது. படங்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. அவனுக்குச் சிரிப்பு வந்தது. வயர்தான். வயரிலேதான் ஏதோ பிழை.

அப்போது மடியில் கிடந்த கையில் ஏதோ பட்டது.

குளிர். மெல்லிய பாரம். குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. புறங்கைத் தோல் மட்டும், விரல் நுனிகள் அழுத்தினாற்போல், ஐந்து இடத்தில் குழிந்திருந்தது. ஒரு குழி எழும்பியது. விழுந்தது. எழும்பியது. விழுந்தது.

கையை இழுத்தான். வரவில்லை.

ஆறாவது குழி விழுந்தது.

ஏழாவது.

எட்டாவது.