மூன்றாவது மாடியில் மஞ்சள் சுடர்

போன் அடித்தபோது பஸ்தியன் ஒரு பாய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

"முசியே பஸ்தியன் லோரானா? இன்ஸ்பெக்டர் மாரியெல் துப்ரே பேசறேன். வெர்ரெரி தெருவுல மூணாவது மாடி ஃப்ளாட்டை வாங்கப்போறது நீங்கதானே?"

"ஆமா... என்ன விஷயம்?"

"உள்ள ஒரு பிணம். விஷவாயு. மேஜை மேல இருந்த ஒப்பந்தத்துல உங்க பேர் இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

ஸ்பேனர் நழுவி மார்பில் விழுந்தது. வலி தெரியவில்லை.

திஜோன் நகரின் பழைய வீதிகளில் தலைதெறிக்க ஓடினான்.

விவாகரத்துக்குப் பிறகு தேடிப் பிடித்த வீடு. இருபத்தெட்டு சதுர மீட்டர். கட்டில், அலமாரி, வட்ட மேஜை, திரைச்சீலை எல்லாம் சேர்த்து விலை. விற்பவர் மதாம் கிளெமான்ஸ் ஃபெரான். எழுபத்தொன்பது வயது. தனிக்கட்டை.

பதினைந்து நாளைக்கு முன் வீடு பார்க்கப் போனவன், மதாம் அலமாரிச் சாவியைத் தேடிய சமயத்தில் சமையலறைக் குழாயைத் திறந்தான். சுவரிலிருந்த கேஸ் ஹீட்டர் பற்றிக்கொண்டது. இருபது வருடமாக ஹீட்டர் பழுதுபார்ப்பதுதான் அவன் தொழில்.

சுடர் நீலமாக எரிய வேண்டும்.

மஞ்சளாக எரிந்தது.

விஷவாயு கக்கி ஆளைக் கொல்லும் ஹீட்டர்... அந்த நொடியே தெரிந்தது. ஆனால் பத்திரத்தில் கையெழுத்திடும் அன்று சொன்னால் ஐயாயிரம் யூரோ குறைக்கலாமே...

குழாயை மூடினான். வாயையும்.

மூச்சிரைக்க மூன்று மாடி ஏறியபோது, சமையலறை வாசலில் வெள்ளைத் துணி மூடிய உடல். பக்கத்தில் மாரியெல்.

"நான்தான் கொன்னேன், இன்ஸ்பெக்டர்."

"நீங்களா? யாரை?"

"மதாம் ஃபெரானை. ஹீட்டர் கெட்டுப்போனது எனக்குத் தெரியும். விலை குறைக்கணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

மாரியெல் அவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். குனிந்து துணியை விலக்கினாள்.

முப்பது வயது ஆண். நகக்கண்ணெல்லாம் கரி. விரல்களில் சோப்பு நுரை காய்ந்திருந்தது.

"இது... யாரு?"

"ரொமேன். மதாமோட செத்துப்போன தங்கச்சி பெத்த பையன். ஒரே வாரிசு. நீங்க கையெழுத்துப் போட்டா வீடு கைவிட்டுப் போயிடும். அதுக்குள்ள பெரியம்மா செத்துட்டா வீடு இவனுக்கு. நேத்து மதாம் பக்கத்து ஊர்ல இருக்கிற சிநேகிதி வீட்டுக்குப் போன நேரமாப் பார்த்து வந்து, ஹீட்டர் புகைக்குழாயில துணியை அடைச்சிருக்கான்."

"அப்புறம்?"

"கையெல்லாம் கரி. சுடுதண்ணியில கழுவியிருக்கான். ஹீட்டர் நல்லா இருந்திருந்தா அந்த ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆகியிருக்காது. கழுவிட்டுப் போயிருப்பான். திரும்பி வந்து குளிக்கிற மதாம்தான் செத்திருப்பாங்க."

"அப்படின்னா... நான் சொல்லாம விட்டது அவங்களைக் காப்பாத்தியிருக்கா?"

கேட்கும்போதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. பதினைந்து நாளும் அந்த அம்மாள் செத்தாலும் பரவாயில்லை என்றுதானே தூங்கினோம்...

பாதி திறந்திருந்த எதிர்வீட்டுக் கதவு முழுசாகத் திறந்தது. மதாம் ஃபெரான். காலையில் ஊரிலிருந்து திரும்பியபோது போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க ஒண்ணும் காப்பாத்தலை, முசியே. மூணு மாசமா நான் பச்சைத்தண்ணியிலதான் குளிக்கிறேன்."

"ஏன்?"

"அந்த ஹீட்டரைப் போட்டா தலை சுத்துது. கெட்டுப்போச்சுன்னு எனக்கும் தெரியும்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே..."

"சொன்னா வாங்குவீங்களா?"

மதாம் வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றார் மெதுவாக. "எங்கே... போய் உங்ககிட்ட சொல்லிடுவானோன்னு பயந்தேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

மாரியெல் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வட்ட மேஜையில் வைத்தாள்.

"வாங்கறவரும் விக்கறவரும் ஒண்ணாவே இருக்கீங்க, நல்லதாப் போச்சு. பத்திரத்துல அப்புறம் போடலாம்... முதல் கையெழுத்தை வாக்குமூலத்துல போடுங்க!"