தையலுக்கு விட்ட கணக்கு

பொத்தானுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவளேதான். இரண்டு வயதில் அப்பாவின் டப்பாவிலிருந்து ஒரு நீலப் பொத்தானை எடுத்து விழுங்கிவிட்டாள். மறுநாள் அது பத்திரமாக வெளியே வந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே ஒரு தையல் மெஷின், ஒரு நீள மேசை, மேசைக்கு அடியில் மலையாக வெட்டுத் துணி.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதிலும் கொஞ்சம் விட்டு வைப்பார். துணியை அளவுக்குச் சரியாக வெட்டிவிட்டால் தைக்க இடம் இருக்காது. அதனால் அளவுக்கு வெளியே கொஞ்சம் கூட்டி வெட்ட வேண்டும். அதற்குத் 'தையலுக்கு விடுவது' என்று பெயர். துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொத்தானுக்குச் செருப்பு வாங்கினாலும் ஒரு விரல் கூட்டித்தான் வாங்குவார். பஸ் பிடிக்க அரை மணி முன்னால் போய் நிற்பார். அவளுடைய சீருடையின் விளிம்பை உள்ளே இரண்டு மடிப்பு மடித்துத் தைத்து, "வளர்ற பிள்ளை" என்பார். அந்த மடிப்பைப் பிரித்தால் பொத்தான் கல்லூரிக்கே அதைப் போட்டுக்கொண்டு போகலாம்.

அம்மா மருந்துக்கடையில் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதனால் மாலையில் வீட்டுப்பாடம் அப்பாவோடுதான். விளக்கு போட்டதும் அப்பா மெஷினை நிறுத்துவார். கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு பொத்தானின் பக்கத்தில் உட்காருவார். யார் வந்து எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும், "கொஞ்சம் பொறுங்க, எங்களுக்குக் கணக்கு இருக்கு" என்பார். 'எங்களுக்கு' என்று அவர் சொல்வது பொத்தானுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். விட்ட இடத்திலிருந்து இப்போது மறுபடி படிக்கிற மாதிரி அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கணக்கிலும் அவர் பழக்கம் விடவில்லை.

"இருபத்து நாலு மீட்டர் துணி. ஒரு சட்டைக்கு ரெண்டு மீட்டர். எத்தனை சட்டை தைக்கலாம்?" என்று பொத்தான் ஒருநாள் படித்தாள்.

"பதினொண்ணு" என்றார் அப்பா.

"பன்னெண்டுப்பா!"

"துவைச்சா துணி சுருங்கும்ல? பதினொண்ணு தச்சாலே பெரிய விஷயம்."

"புத்தகத்துல சுருங்கும்னு போடலையேப்பா."

அப்பாவின் முகம் வாடியது. "அப்படியா? எனக்கு என்னம்மா தெரியும்" என்று மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்விடுவாரோ என்று பொத்தானுக்குப் பயம் வந்துவிட்டது.

"இல்ல இல்ல, நீங்க சொல்றதும் சரிதான்ப்பா" என்று அவசரமாகப் பதினொன்று என்றே எழுதினாள்.

அன்று ஆரம்பித்தது வம்பு. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்ட இருநூற்று எண்பது மீட்டர் வேண்டும் என்றால், முடிச்சுப் போட இன்னும் ஒரு மீட்டர் சேர்த்தார் அப்பா. ரயில் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரும் என்றால், "நடுவுல ஒரு ஸ்டேஷன்லயும் நிக்காதா? மூணேகால்னு போடு" என்றார். பொத்தான் எல்லாவற்றையும் போட்டாள். டீச்சர் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்தார். அப்பா கண்ணில் சிவப்பு படாமல் இருக்க, அவள் எப்போதும் புதுப் பக்கத்தையே திறந்து வைப்பாள்.

ஒருநாள் கணக்கு டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"வகுப்புல எல்லாம் சரியாப் போடுற. வீட்டுப்பாடம் மட்டும் ஏன் இப்படி? ரயில் மூணேகால் மணியாம்! வீட்டுல யாரு சொல்லிக் குடுக்கறாங்க?"

"அப்பா, டீச்சர்."

"நாளைக்குக் காலையில அப்பாவைக் கூட்டிட்டு வா. பேசணும்."

பொத்தான் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு நடந்தாள். டீச்சர் வாயிலிருந்து கேட்டால் அப்பா கூனிக் குறுகிப் போவார். அப்புறம் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்காரவே மாட்டார். சொல்வதானால் இன்றைக்கே, தானே சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்தபோது அப்பா மேசை மேல் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கோடு. அதற்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, அதே வளைவில் இன்னொரு கோடு. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். இன்றைக்குப் பொத்தான் பையைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இதுல எது சட்டையோட அளவு?"

"உள்கோடுதான். வெளிக்கோடு தையலுக்கு விட்டது."

"போட்டுக்கப் போறவர் அளவு?"

"அதான் சொன்னேனே, உள்கோடு. வெளிக்கோடு வெட்டுற எனக்கு மட்டும்தான் வேணும்."

பொத்தான் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்பா... கணக்குப் புத்தகம் உள்கோட்டை மட்டும்தான் கேக்குது. அது எதையும் வெட்டப் போறதில்ல, தைக்கப் போறதில்ல. வெறும் அளவு மட்டும் சொன்னாப் போதும்."

அப்பாவின் கை நின்றது.

"அப்போ அந்தப் பதினொரு சட்டை?"

"பன்னெண்டுப்பா."

"ரயிலு?"

"மூணு மணி."

"கயிறு... அடக் கடவுளே, கயிறுமா?" அப்பா சாக்கட்டியை மேசையில் வைத்தார். "நோட்டைக் கொண்டா."

பொத்தான் பழைய பக்கங்களைத் திறந்து காட்டினாள். அப்பா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு மெஷினில் போய் உட்கார்ந்தார்.

"உன்னை நல்லாக் கெடுத்து வச்சிருக்கேன். இனிமே நீயே போட்டுக்கம்மா."

மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. எதற்குப் பயந்தாளோ அதுவே நடந்துவிட்டது. பொத்தானுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் அப்பா இன்னும் உடைந்துபோவார் என்று அடக்கிக்கொண்டாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மெஷின் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்து, அன்றைய கணக்கைச் சத்தமாகப் படித்தாள்.

"ஒரு தோட்டம். நீளம் இருபது மீட்டர், அகலம் பதினஞ்சு மீட்டர். அதைச் சுத்தி வெளியே ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதை. பாதையோட பரப்பு என்ன?"

மெஷின் ஓடியது. பொத்தான் எழுதிக்கொண்டே பேசினாள். "பாதையோட சேத்து நீளம் இருபத்தொண்ணு, அகலம் பதினாறு..."

மெஷின் மெதுவாகியது.

"எப்படி இருபத்தொண்ணு?" என்றார் அப்பா, திரும்பாமலே.

"ஒரு மீட்டர் கூட்டினேன்ப்பா."

"எந்தப் பக்கம் கூட்டின?"

பொத்தான் கணக்கை மறுபடி படித்துப் பார்த்தாள். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு வந்து, மேசை மேல் ஒரு செவ்வகம் வரைந்தார். அதைச் சுற்றி வெளியே இன்னொன்று வரைந்தார்.

"இது தோட்டம், உள்கோடு. இது பாதை, வெளிக்கோடு. இந்தப் பக்கம் ஒரு மீட்டர் விட்ட, சரி. அந்தப் பக்கம் யாரு விடுவா? ஒரே பக்கம் விட்டுச் சட்டை தச்சா ஒரு கைதான்ம்மா உள்ளே போகும்!"

பொத்தான் கண்ணை அகல விரித்தாள். "ரெண்டு பக்கமும் கூட்டணும்! நீளம் இருபத்திரண்டு, அகலம் பதினேழு!"

இரண்டு பேரும் குனிந்து பெருக்கினார்கள். வெளிக்கோடு முந்நூற்று எழுபத்து நாலு. உள்கோடு முந்நூறு. கழித்தால் பாதை எழுபத்து நாலு சதுர மீட்டர்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். "முடிச்சுக்கு எதுவும்..."

"அப்பா!"

"சரி, சரி. வேணாம்."

டீச்சர் கூப்பிட்டதைப் பொத்தான் அன்று இரவே சொல்லிவிட்டாள். மறுநாள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், வழக்கம்போல அரை மணி முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர்கள் போனபோது காவலாளி கேட்டைக்கூடத் திறக்கவில்லை.

டீச்சர் வந்ததும், அவர் வாயைத் திறக்கும் முன்பே அப்பா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "தப்பு என்னோடது டீச்சர். எல்லாக் கணக்குலயும் தையலுக்கு விட்டுட்டேன்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பொத்தான் விளக்கிச் சொன்னாள். ரயில் ஸ்டேஷனில் நின்ற இடம் வந்ததும் டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு டீச்சர் நேற்றைய கணக்கைப் பார்த்தார்.

"அட! இதுல வழக்கமா எல்லாரும் ஒரு பக்கம்தான் கூட்டுவாங்க. இதை யாரு சொல்லிக் குடுத்தது?"

பொத்தான் அப்பாவைக் காட்டினாள்.

"அதுவும் தப்பா டீச்சர்?" என்றார் அப்பா பாவமாக.

"சரியான விடைங்க" என்று டீச்சர் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

அப்பா அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். மை காயும்வரை மூடவே விடவில்லை. பொத்தானுக்குத் தான் போட்ட கணக்குக்கு டிக் கிடைத்ததைவிட அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

அன்று மாலை விளக்கு போட்டதும் மெஷின் நின்றது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ம், சொல்லு. இன்னைக்கு நமக்கு உள்கோடா, வெளிக்கோடா?"