உயிருள்ள ஆதாரம்

தமயந்தி பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது. அவளுடைய ஆதாரங்களில் ஒன்று அதிகாலையில் இறந்துபோயிருந்தது. ஆதாரம் என்றால் ஓர் ஆய்வுக் கட்டுரை. அதை எழுதியவர் கோயம்புத்தூரில் கண்ணை மூடிவிட்டார். கூட எழுதியவர்கள் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். கடைசி ஆளும் போனால் கட்டுரையும் போச்சு. அவளுடைய ஆய்வேட்டிலிருந்து அந்தக் கட்டுரையின் பெயர் தானாக அழிந்து, அதை நம்பி நின்ற இரண்டு பத்திகள் சாம்பல் நிறமாகிக் கிடந்தன.

வாயைக் கொப்பளித்துவிட்டு இறந்தவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட முயன்றாள். வரவில்லை. எட்டு வருடமாக இதே கதை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாளா, துக்கம் விசாரிக்கிறாளா என்று அவளுக்கே சலித்துவிட்டது.

இப்படி ஒரு சட்டம் வந்ததற்கு யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. இயந்திரங்கள் கட்டுரை எழுதத் தொடங்கி நாளுக்கு லட்சக்கணக்கில் கொட்டியபோது, எது ஆய்வு எது குப்பை என்று ஒருவருக்கும் தெரியாமல் போனது. எண்களைப் பொய்யாகச் செய்யலாம், படங்களைச் செய்யலாம், இல்லாத பல்கலைக்கழகத்தையே வாட்ச்மேன் உட்படச் செய்து காட்டலாம். செய்ய முடியாதது ஒன்றுதான் மிச்சமிருந்தது, நாடி துடிக்கிற ஓர் ஆள். அப்போது வந்ததுதான் நெஞ்சறி. மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக் கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்தால் போதும். ஒருவர் சொல்வதை அவரே நம்புகிறாரா இல்லையா என்று நாடியையும் கண்மணியையும் பார்த்துச் சொல்லிவிடும். அதை ஏமாற்றியவர் இன்றுவரை இல்லை. ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வருடாவருடம் போய் நிற்பார்களே, அதே மாதிரி கட்டுரை எழுதியவரும் வருடம் ஒருமுறை நெஞ்சறி முன் உட்கார்ந்து, தன் கட்டுரை மெய் என்று நம்புவதாகச் சொல்ல வேண்டும். பச்சை எரிந்தால் கட்டுரைக்கு இன்னும் ஒரு வருடம் ஆயுள். சிவப்பு எரிந்தால் அதோடு சரி.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தாங்கள் செத்தால் உழைப்பும் சாகும் என்று தெரிந்ததும், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் பச்சைக் குழந்தைகளின் பெயரைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். காது குத்துவதற்கு முன்பே பிள்ளையின் பேரில் நாலு கட்டுரை இருக்கும். பிள்ளை எண்பது வயது வாழ்ந்தால் கட்டுரையும் வாழும். எழுதியவருக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆமாம் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

தமயந்தியின் ஆய்வு ஓடக்குப்பம் என்ற கடலோர ஊரின் கிணறுகளைப் பற்றியது. கடல் நிலத்தடியில் ஊருக்குள் நுழைந்துவிட்டது, நல்ல தண்ணீர் உப்பாகிவிட்டது என்கிறாள் அவள். இப்போது உப்பாக இருப்பதை அவளே அளந்துவிட்டாள். முன்பு நன்றாக இருந்தது என்று காட்ட வேண்டுமே? அதற்கு இருந்த ஆதாரங்கள் எல்லாம் செத்து, ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் பேராசிரியர் கஜேந்திரன் எழுதிய கட்டுரை. அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. கூட எழுதியவர் என்று பெயர் போட்டிருந்த அவருடைய மகன் செங்குட்டுவன், அப்போது தொட்டிலில் இருந்தவன், அதே ஊரில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறான். அவனுடைய சான்று இந்த வாரத்தோடு முடிகிறது. தமயந்தியின் வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அவன் ஒரு முறை ஆமாம் என்றால் பட்டம், இல்லையென்றால் எட்டு வருடமும் தண்ணீரில்.

பையில் நெஞ்சறியை வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

கடை வாசலில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். முகூர்த்த மாதம். செங்குட்டுவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கரண்டிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய பையைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டது.

"ஸ்காலரா?"

"ஆமாண்ணே. தமயந்தின்னு பேரு. உங்க சான்று முடியப்போகுது, அதான் மெஷினை நானே எடுத்துட்டு வந்துட்டேன். அஞ்சு நிமிஷ வேலை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க." அவன் கரண்டிகளைக் கீழே வைத்தான். "இந்த வருஷம் நான் பட்டை கட்டிக்கிறதா இல்ல மேடம்."

"ஏன்ணே? எப்பவும் பச்சைதானே உங்களுக்கு?"

"அதான் பிரச்சன. அந்த அண்டாவைப் பாருங்க."

அண்டாவின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. கழுவக் கழுவ உப்பு ஏறுகிறது என்றான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் சாம்பார் கரித்து, பெண் வீட்டார் அவனைப் பிடித்துக்கொண்டார்களாம். ஊர்க்காரர்கள் நல்ல தண்ணீர்க் குழாய் கேட்டுப் பேரூராட்சிக்குப் போனால், 'உங்க ஊர்த் தண்ணி இனிப்புன்னு உயிரோட ஆதாரம் இருக்கே, கையெழுத்து உங்க ஊர் செங்குட்டுவனுதுதானே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"டீக்கடைல உக்கார முடியல. எங்க வாயில மண்ணைப் போட்டவன் நீதானாங்கறான். நான் என்னத்த கண்டேன்? அஞ்சு வயசுல அப்பா மடில உக்கார வெச்சு, இது நெசமாடான்னு கேட்டாரு. அப்பா எழுதுனா நெசந்தானே. ஆமான்னேன். அன்னைலேருந்து சொல்லிட்டே இருக்கேன்."

"அண்ணே, அந்தக் கட்டுரை அப்ப நல்லாருந்துச்சுன்னுதான் சொல்லுது. இப்ப கெட்டுப்போச்சுன்னு நான் சொல்றேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சாத்தான் கடல் உள்ள வந்தது தெரியும். என் ஆய்வேடு பச்சை ஆனா, உங்க ஊருக்குக் குழாய் கேக்க அதுவே ஆதாரம்."

அவன் யோசித்தான். "அப்ப அதுல என்னதான் எழுதிருக்கு? நீங்க படிச்சிருப்பீங்கல்ல, சொல்லுங்க."

தமயந்தி படித்தது சாறு. எந்தக் கட்டுரையையும் அரைப் பக்கமாகப் பிழிந்து கொடுக்கும் இயந்திரம் எல்லோரிடமும் இருந்தது. முழுக் கட்டுரையை யார் படிக்கிறார்கள்? ஆதாரம் பச்சையா என்று பார்ப்பார்கள், சாற்றிலிருந்து ஒரு வரியை எடுப்பார்கள், அடுத்ததற்குப் போவார்கள். அவளுடைய நெறியாளரும் அப்படித்தான், அவருடைய நெறியாளரும் அப்படித்தான்.

"முழுசா படிக்கலண்ணே," என்றாள்.

செங்குட்டுவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாருக்கு போங்க. எழுதுனவனும் படிக்கல, எடுத்து எழுதுறவங்களும் படிக்கல."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கவிழ்த்துப்போட்ட ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்து, கட்டுரையைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அவன் கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். புரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னான். தண்ணீரில் உப்பை எப்படி அளப்பது, எந்த மாதத்தில் அளப்பது, ஏன் ஒரே கிணற்றில் மூன்று முறை அளப்பது என்று அவள் விளக்கினாள். விளக்கும்போதுதான் அவளுக்கே சில விஷயங்கள் விளங்கின. கஜேந்திரன் கிணற்றுக்காரர்களின் பெயரையெல்லாம் எழுதியிருந்தார். தன் பெரியப்பா பெயர் வந்ததும் செங்குட்டுவன் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. சாற்றில் வராத பத்தி. இருபத்தொரு கிணறுகளில் ஒன்பதுக்கு வெள்ளத்தால் போக முடியவில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஒன்பதின் அளவுகளைப் பக்கத்துக் கிணறுகளை வைத்து ஊகித்திருக்கிறோம், அவற்றை அளந்த எண்களாகக் கொள்ள வேண்டாம், வாய்ப்புள்ளவர்கள் போய் அளந்து எங்களைத் திருத்துங்கள் என்று முடித்திருந்தார்.

தமயந்தி அந்தப் பத்தியை இரண்டு முறை வாசித்தாள். எட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு கட்டுரையை உண்மையாகவே நம்பத் தோன்றியது. தெரிந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். தெரியாததை இவ்வளவு தெளிவாக எழுதியவர், அளந்தேன் என்று சொன்ன பன்னிரண்டையும் அளந்துதான் இருப்பார். பன்னிரண்டு கிணறு அவளுக்குப் போதும். முடிவு கொஞ்சம் சுருங்கும், ஆனால் நிற்கும். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"அப்பா இப்படித்தான்," என்றான் செங்குட்டுவன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருவாரு. அம்மா திட்டுவாங்க, ஊர்ல எவனும் மதிக்க மாட்டான்னு." அவன் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். "கட்டுங்க மேடம். இப்ப மனசறிஞ்சு சொல்லலாம்."

பட்டையைக் கட்டினாள். நெஞ்சறி தன் பழைய கேள்வியைக் கேட்டது: இந்தக் கட்டுரை முழுவதும் மெய் என்று நம்புகிறீர்களா?

"ஆமா," என்றான் அவன்.

சிவப்பு எரிந்தது.

பட்டை தளர்வாக இருந்திருக்கும் என்று இறுக்கிக் கட்டினாள். மறுபடி சிவப்பு. ஒரு நாளைக்கு மூன்று முறைதான் வாய்ப்பு.

"அண்ணே, நம்புறீங்கதானே?"

"அப்பாவை நம்புறேன். அந்தப் பன்னெண்டையும் நம்புறேன். மத்த ஒம்பதை எப்படி நம்புறது? அவரே நம்ப வேணாம்னு எழுதி வெச்சிருக்காரே."

"அதை நினைக்காதீங்க. பொதுவா நினைச்சுச் சொல்லுங்க."

"படிச்சதை எப்படி மேடம் படிக்காத மாதிரி நினைக்கிறது?"

மூன்றாவது முறை அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். நெஞ்சறி கண்ணைத் திறக்கச் சொன்னது. திறந்து சொன்னான். சிவப்பு. கண்ணாடியில் ஒரு வரி ஓடியது: இந்த ஆதாரம் காலமானது. தமயந்தியின் ஆய்வேட்டில் பாதிக்கு மேல் சாம்பலானது.

தமயந்தி பட்டையை அவிழ்த்துப் பையில் வைத்தாள். பிறகு அவன்தான் கேட்டான், "இனிமே யாரும் பையைத் தூக்கிட்டு வரமாட்டாங்கல்ல?"

"வரமாட்டாங்க."

"நிம்மதின்னுதான் நெனச்சேன். இப்பதான் அப்பா செத்த மாதிரி இருக்கு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் நெறியாளரைக் கூப்பிட்டாள். அவர் நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நீ ஏம்மா அவரைப் படிக்க விட்ட?"

"அவர் கேட்டாரு சார்."

"கேப்பாங்க. எதாவது சொல்லி மழுப்பணும். சாட்சியைப் படிக்க விடக்கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா? படிச்சவன் எவனுக்கும்மா முழுசாப் பச்சை எரிஞ்சிருக்கு?" அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். "சரி விடு. பழைய கதையை எடுத்துடு. நீ அளந்ததை மட்டும் வெச்சு எழுது. இப்ப உப்பா இருக்கு, அவ்வளவுதான். பட்டத்துக்கு அது போதும். குழாய்க்கும் அது போதும்."

அவள் எழுதினாள். பாதி ஆய்வேட்டை வெட்டிப்போட்டுவிட்டு, தான் அளந்த கிணறுகளை மட்டும் வைத்தாள். கஜேந்திரனைப் படித்த பாதிப்பில் கடைசியில் ஒரு பத்தியும் சேர்த்தாள். மழைக்காலத்தில் தன் உப்பு அளவி இரண்டு வாரம் பழுதாகியிருந்தது, அந்த நாட்களின் எண்கள் ஊகம், யாராவது மறுபடி அளந்து பார்க்கவும். எழுதி முடித்தபோது ரொம்ப நாளைக்குப் பிறகு மனது லேசாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் அதைப் பதிவுசெய்யப் பல்கலைக்கழகச் சான்றகத்துக்குப் போனாள். அங்கே லூர்துமேரி என்ற அலுவலர், சாப்பாட்டு நேரம் முடிந்தும் முடியாமலும், அவள் கையில் பட்டையைக் கட்டினார். தமயந்தி தன் ஆய்வேட்டைப் பற்றி ஆமாம் என்றாள். சிவப்பு. இன்னொரு முறை. சிவப்பு.

லூர்துமேரிக்கு ஆச்சரியமே இல்லை. "கடைசில குறைகள் பத்தி ஏதாச்சும் எழுதினீங்களாம்மா?"

"எழுதினேன் மேடம்."

"அதான். இனிமே அழிச்சாலும் பிரயோஜனம் இல்ல. குறை இருக்கறது உங்களுக்குத் தெரியும்ல." மூன்றாவது வாய்ப்பை வீணாக்காமல் பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். "இப்படியே விட்டா நாளைக்குத் தேர்வுல உக்கார முடியாது. ஒண்ணு செய்யலாம். கூட எழுதினவங்கன்னு இன்னொரு பேரு சேத்துக்கலாம், ரூல்ல இடம் இருக்கு, அவங்களுக்குப் பச்சை எரிஞ்சா போதும். வீட்ல சின்னப் புள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா? உங்க மேல பாசமா இருக்கற புள்ளையா?"

தமயந்தி பட்டையைப் பார்த்தாள். ஓடக்குப்பத்து உப்பு அண்டாவை நினைத்தாள். எட்டு வருடத்தை நினைத்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வராந்தாவுக்குப் போய்ப் போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அக்கா," என்றாள், "பாப்பா முழிச்சிருக்காளா?"