எட்டாவது வரிக்குக் கீழே

மருந்துக்கடைக்காரர் உட்காரவில்லை. துப்பறிபவரின் மேசை முன்னால் நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

“மனைவி போய் மூணு வருஷம் ஆச்சு சார். இப்ப ஒரு நர்ஸைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். என் பொண்ணும் மனைவியோட அக்காவும் என்னை வெட்டவா குத்தவான்னு நிக்கிறாங்க. செத்தவளே கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கா, சுவரைப் பாருன்னு காட்டுறாங்க. அவ மனசு நிஜமாவே அதுதான்னா, கல்யாணத்தை இன்னைக்கே நிறுத்திடுறேன். எனக்கு அது தெரியணும்.”

சுவரில் இருந்தது ஒரு சானெட். விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலக் கவிதை. ஆங்கில இலக்கியம் கற்பித்த மனைவி, நோயில் கிடந்தபோது தன் கையாலேயே எழுதி, சட்டம் போட்டு மாட்டியது.

“நீங்க படிச்சதே இல்லையா?” என்று கேட்டார் துப்பறிபவர்.

“டாக்டர் கிறுக்கல்னா எதையும் படிச்சிடுவேன் சார், கவிதை மட்டும் வராது. அவ போனப்புறம் அந்த அறைக்குள்ள காலெடுத்து வைக்கவும் முடியல.”

துப்பறிபவரின் மச்சான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். வழக்கு என்றால் அவனுக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

அந்த வீட்டில் “வாங்க” என்று சொல்ல ஆளில்லை. தையல் வேலை செய்யும் பெரியம்மா, கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே வழிவிட்டாள். இலக்கியம் படிக்கும் மகள் அம்மாவின் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“வேவு பாக்க ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களாப்பா? நல்லா இருக்கு.”

துப்பறிபவர் அவளைத் தாண்டி உள்ளே போய்க் கவிதையைப் படித்தார். எட்டு வரிகள். இறக்கப்போகும் ஒருத்தி சொல்கிறாள்: ‘என் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காதே. என் கோப்பையைக் கழுவாதே. நான் போன பிறகு கதவை மூடு. என் நினைவோடு உள்ளேயே இரு.’ சட்டம் புதிதாகப் பளபளத்தது. அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் சுவர் வெளுக்காமல் பழைய நிறத்தில் இருந்தது.

“பெயின்ட் அடிச்சவன் அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டான்” என்றான் மச்சான்.

மகள் சீறினாள். “படிச்சாச்சுல்ல? சன்னலைத் திறந்துவிடு, வேற ஒருத்தி வந்து உக்காரட்டும்னா எங்கம்மா எழுதியிருக்காங்க?”

“செத்தவ வாக்கு. மீறினா உருப்பட மாட்டே!” என்று தங்கை கணவரைப் பார்த்துப் பெரியம்மா கையை நீட்டினாள்.

துப்பறிபவர் மச்சானை நூலகத்துக்கு அனுப்பினார். அவன் ஒரு தடித்த பழைய கவிதைத் தொகுப்போடு வியர்த்து வழிந்து திரும்பியதும், எல்லாரையும் அந்த அறையிலேயே உட்கார வைத்தார்.

“சானெட்டுக்குப் பதினாலு வரி. இந்த வகையில, முதல் எட்டு வரி முடிச்சுப் போடும். ஒன்பதாவது வரியில பேச்சு திரும்பும். கடைசி ஆறு வரி அந்த முடிச்சை அவிழ்க்கும். இங்க முடிச்சு மட்டும்தான் தொங்குது. பழைய சட்டம் எவ்வளவு நீளம்னு சுவரே சொல்லுது. மீதியை யாரோ வெட்டி, சின்னச் சட்டத்துல போட்டிருக்காங்க.”

“கத்தரிக்கோல் யார் கையில இருக்கு, பாருங்க அத்தான்!” என்றான் மச்சான்.

“அடப் பாவி! எனக்கு இங்கிலீஷே தெரியாதுடா!” பெரியம்மா எழுந்தேவிட்டாள்.

“அவங்க இல்ல” என்றார் துப்பறிபவர். “சன்னலைப் பத்தி இந்த எட்டு வரியில ஒரு சொல்கூட இல்ல. வெட்டுப்பட்ட ஆறு வரியிலதான் சன்னல் வருது. அதைப் படிச்சவங்கதான் அப்படிக் கேட்டிருக்க முடியும்.”

மருந்துக்கடைக்காரர் மகளைப் பார்த்தார்.

“அந்த ஆறு வரியில என்னம்மா இருக்கு?”

மகள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. மனப்பாடமாகவே சொன்னாள். “‘இல்லை, அது என் பயம் பேசிய பேச்சு. கதவைத் திற, சன்னலைத் திற. களைத்து வருகிறவளுக்கு என் நாற்காலியைக் கொடு. எனக்கு அது வேண்டாம். என் பெயரை மட்டும் அவளிடம் சொல். வாய்விட்டுச் சொல்.’”

“உங்கம்மா சம்மதிச்சிருக்கா. நீ அதை மறைச்சிருக்கே!” அவர் குரல் உயர்ந்தது. “என்னைத் திருடன் மாதிரி நிக்க வெச்சியே, ஏன்?”

“சம்மதிச்ச வரி மட்டும்தான் உங்க காதுல விழுந்துச்சு.” அவள் அழுதாள், அழுதுகொண்டே கத்தினாள். “கடைசி வரி? மூணு வருஷமா இந்த வீட்டுல அம்மா பேரை ஒரு தடவையாவது சொன்னீங்களா? நான் அம்மா பேச்சை எடுத்தாலே தட்டுல கையைக் கழுவிட்டு எழுந்து போனீங்க. இதையும் படிச்சுட்டா நிம்மதியா மறந்துடுவீங்க. அதனாலதான் வெட்டினேன். அந்த நர்ஸ் வரட்டும், உக்காரட்டும். எங்கம்மா பேரு என்ன? இப்ப சொல்லுங்க.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். துப்பறிபவர் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை.

மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, மனைவியின் பெயரைச் சொன்னார்.

“கேக்கலப்பா” என்றாள் மகள்.