ஓட்டை மேலே

1994 ஜூலை, காலை பத்து மணி. உக்கடத்துப் பட்டறை மேசையில் எஞ்சின் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பூட்டிய காரைச் சோதித்து ஓட்டிய ரைஹான், முந்தாநாள் பொள்ளாச்சி ரோட்டில் எஞ்சின் ஜாம் ஆகிப் புளியமரத்தில் மோதிச் செத்தான். அப்பன் போட்ட பேரிங்கே மகனைக் கொன்றதாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அப்பா அமீர் ஹம்சாவுக்கு அழுகைகூட வரவில்லை. மரத்துப்போயிருந்தார். கை மட்டும் பேரிங் மூடிகளைக் கழற்றியது.

"இது நீங்க போட்டதுங்களா, பாய்?" உள்ளே தெரிந்த பேரிங்கைக் காட்டி இன்ஸ்பெக்டர் பாலகோபால் கேட்டார்.

"இல்லைங்க. ரோட்டுல ஓடற வண்டிக்குத் தூசி தும்பு தாங்கற மெத்து ரகம்தான் போட்டேன். இது ரேஸுக்குப் போடற கெட்டி ரகமுங்க."

"உங்களுக்கப்புறம் எஞ்சின் யார்கிட்ட இருந்துச்சு?"

"வண்டிக்காரர்கிட்டத்தானுங்க. தொண்டாமுத்தூர் ஷெட்டுல அவரே எஞ்சினை வண்டியில ஏத்தினார்."

மூலையில் நின்ற கார்ச் சொந்தக்காரர் கிருபாசங்கர் நிமிரவில்லை. "நான் தொறக்கவே இல்லைங்க."

பாலகோபால் ஒரு பேரிங்கின் கருகிய இரண்டு பாதிகளை எடுத்தார். ஒன்றில் ஓட்டை, மற்றது மொட்டை.

"எண்ணெய் எதுல வரும்?"

"ஓட்டை வழியாத்தானுங்க. அந்தப் பாதி பிளாக் பக்கம், எஞ்சின் உடம்போட ஒட்டி இருக்கோணும்."

"ஓட்டைப் பாதி எல்லாம் மூடிப் பக்கந்தானே இருந்துச்சு? உங்ககிட்ட யாராச்சும் இதைப் பத்திக் கேட்டாங்களா?"

ஹம்சா யோசித்தார். "போன வாரம் இவர்தான் போன்ல கேட்டாருங்க. ஓட்டை மேலயா, கீழயான்னு. மேலன்னேன்."

"வண்டியில எஞ்சின் நிக்கறப்ப பிளாக்தான் மேல. நீங்க சொன்னது அதுங்க. இப்பப் பாருங்க." பாலகோபால் கவிழ்ந்த எஞ்சினைத் தட்டினார். "மேசையில எது மேல?"

"மூடிதானுங்க," என்றார் ஹம்சா. குரல் யாருடையதோ போலிருந்தது.

"பழகின கைக்கு இந்தத் தப்பு வராது. கேட்டவருக்குத்தான் வரும். என்னங்க கிருபாசங்கர்?"

கிருபாசங்கர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒசத்தியாப் போடலாம்னுதானுங்க மாத்திப்போட்டேன். பாய் கோவிச்சுக்குவாருன்னு சொல்லலை."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஹம்சாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கிருபாசங்கர் போன் செய்த அன்றைக்கு ரிசீவரை எடுத்து நீட்டியவன் ரைஹான்தான். பேசி முடித்ததும் கேட்டான்: "இதெல்லாம் அவருக்கு எதுக்குங்க, அத்தா?"

"கேட்டுப்போட்டுப் போறார், விடு," என்றிருந்தார் ஹம்சா.