ஒரு பருக்கை கூட சிந்தவில்லை

அந்த வாரத்தின் நான்காவது மாப்பிள்ளை விசாரணையை முடித்துவிட்டு, செங்கல்பட்டு அலுவலகத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தார் துப்பறிவாளர் பூபாலன். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் விஞ்ஞானி ஆபிரகாம்.

"திருட்டு சார்! அஞ்சு மணிக்கு என் மாணவி பிரபா மேல போலீஸ்ல புகார் கொடுக்கப்போறேன். ஆதாரத்தை மட்டும் நீங்க பிடிச்சுக் கொடுங்க."

"பேரே தெரிஞ்சுபோச்சுன்னா நான் எதுக்கு?" பூபாலனுக்கு அலுப்பாக இருந்தது. உதவியாளர் ஜாய்ஸோ அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

பொத்தேரியில் இருந்தது ஆபிரகாமின் சிறிய ஆய்வகம். பட்டு நூற்றபின் மிஞ்சும் மஞ்சள் பட்டுப்புழுக் கூட்டின் கழிவை, ஒரு குண்டானில் ஆல்கஹால் கலந்த வெந்நீரில் ஊறவைப்பார்கள். உடம்புக்கு நல்லது செய்யும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறமி மொத்தமும் சாற்றில் இறங்கிவிடும். நேற்று மாலை குண்டானை மூடி, சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார் ஆபிரகாம். காலை ஒன்பதுக்கு வந்தால் வெளுத்த பட்டு இருக்கிறது, சாறு இல்லை. இந்த வருஷத்தின் கடைசி மஞ்சள் கூடு அது.

"ஏழு மணிக்குத் திறந்தது நான்தான்," என்றாள் ஆராய்ச்சி மாணவி பிரபா. அழுது முகம் வீங்கியிருந்தது. "பெருக்குற அக்காவை உள்ள விட்டுட்டு நாஸ்தாவுக்குப் போனேன். கருங்குழில எங்க வூட்டு வாசல்ல போலீஸ் வந்து நின்னா, அப்புறம் எந்த லேப் சார் என்னைச் சேர்த்துக்கும்?"

"போட்டிக் கம்பெனிக்காரன் போன வாரம் உனக்கு போன் பண்ணல?" ஆபிரகாம் பாய்ந்தார்.

பூபாலன் குண்டானைத் திறந்தார். வெள்ளைப் பட்டு, மேலே ஈரத்துணி, அதற்கு மேல் தட்டு. குண்டானில் ஒட்டியிருந்த சீட்டில், 'ஆறியதும் வடித்து வைக்கவும்.' கொடியில் காய்ந்த பிடிதுணியின் இரண்டு முனையிலும் மஞ்சள் கறை.

பெருக்கும் சம்பூர்ணம் வந்து நின்றாள். மாணவர் விடுதி மெஸ்ஸில் ஒன்பது வருஷம் சமைத்தவள். இங்கே சேர்ந்து இரண்டே நாள்.

"எக்ஸ்ட்ராக்ட்டைப் பார்த்தியான்னு சார் கேட்டாரா?" சாறுக்கு ஆபிரகாம் சொல்லும் பெயரிலேயே கேட்டார் பூபாலன்.

"கேட்டாரு. அப்படி ஒண்ண நான் கண்ணால பாக்கல அண்ணாத்த. இன்னா பேஜாரு இது! சீட்ல இருந்தபடி செஞ்சேன். ஒரு பருக்கை கூட சிந்தல."

ஜாய்ஸின் பேனா நின்றது. "பட்டுல ஏது சார் பருக்கை?"

"அதேதான்." பூபாலன் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "திருடன் சாறை எடுத்துட்டு ஓடுவான். பட்டு காயக் கூடாதுன்னு ஈரத்துணி போட்டு, தட்டு வச்சு மூட மாட்டான். பிடிதுணியோட ரெண்டு முனையால குண்டானைப் பிடிச்சுச் சாய்ச்சிருக்கு. இது சோத்தைக் காப்பாத்துற கை. சார், சீட்டு எழுதினது நீங்கதானே?"

"ஆமா, பிரபாவுக்கு. வடிச்சு வைன்னா வடிச்சு..."

"காபி வடிச்சா தண்ணியை வச்சுக்குவோம். சோறு வடிச்சா தண்ணியை இறுத்துடுவோம். நீங்க காபியை நினைச்சு எழுதினீங்க. இந்தம்மா சோத்தை நினைச்சுப் படிச்சாங்க."

ஆபிரகாம் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்போ மொத்தமும் சாக்கடைலயா?"

"சாக்கடையா?" சம்பூர்ணத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "கஞ்சியை எவளாச்சும் கீழ ஊத்துவாளா? மாட்டுக்காரரு வருவாருன்னு படிக்கட்டுக்கு அடியில பக்கெட்ல மூடி வச்சிகீறேன். வந்தாரு. மாடுதான் மோந்து பாத்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கிச்சு."

"நல்லவேளை. குடிச்சிருந்தா ஜி.எஸ்.டி. ரோட்டுல ஆடியிருக்கும்," என்றாள் ஜாய்ஸ்.

பிரபா ஓடினாள். படிக்கட்டின் இருட்டில் நீல பக்கெட். மூடியைத் திறந்தாள். பொன் மஞ்சள், ததும்பாமல்.

பின்னாலேயே வந்தார் ஆபிரகாம். சட்டைப்பையிலிருந்த புகார்க் கடிதத்தை எடுத்துக் கசக்கப் போனார். பிரபா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். பின்பக்கம் திருப்பி, பேனாவால் பெரிதாக எழுதி பக்கெட்டில் ஒட்டினாள்.

'பட்டுத் தண்ணி. கொட்டக் கூடாது.'

"இப்ப புரியுதாக்கா?"

சம்பூர்ணம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இத்தை நேத்தே எழுதியிருக்கலாமில்ல சார்?" என்றாள், ஆபிரகாமைப் பார்த்து.